ஒளிப்படக் கலைஞரின் படைப்பை ஆராய்ந்து எழுதுதல்: வட ஆற்காட்டு மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை வட்டாரக் கல்லூரிகளில் காட்சித் தொடர்பியல் படிக்கச் சேரும் மாணவர்களுக்கு, கேமராவைக் கையாளக் கற்பதைவிடக் கடினமாகத் தோன்றும் வேலை ஒன்று விரைவிலேயே வந்து சேர்கிறது. ஒளிப்படக் கலைஞர் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவருடைய படைப்புகளை ஆராய்ந்து எழுதிவர வேண்டும் என்பதே அது. வரும் கட்டுரைகளில் பல ஒரே அச்சில் வார்த்தவையாக இருக்கின்றன: பிறந்த ஆண்டு, படித்த பள்ளி, பெற்ற விருதுகள், பிறகு ஐந்தாறு படங்கள், ஒவ்வொன்றின் கீழும் "ஒளியமைப்பு மிக அருமை, படம் உயிரோட்டமாக உள்ளது" என்று ஒரு வரி. இதைப் படித்து முடிப்பவருக்கு அந்தப் படங்களைப் பற்றிப் புதிதாக எதுவும் தெரிந்திருக்காது.

ஆய்வுக் கட்டுரையில் இடம்பெறும் எந்த வாக்கியமும் மூன்று இடங்களில் ஒன்றிலிருந்துதான் வர முடியும். படத்தில் கண்ணால் கண்டது ஒன்று. வேறிடத்தில் படித்தோ கேட்டோ அறிந்தது ஒன்று. இவ்விரண்டையும் வைத்து நீங்கள் கருதுவது ஒன்று. எந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது என்பது எழுதுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், படிப்பவருக்கும் தெரிய வேண்டும். கீழே சொல்லும் படிகள் எல்லாம் இந்தத் தெளிவை அடைவதற்காகவே.

முதற்படி: எதைப் பற்றி எழுதுவது

ஒரு கலைஞரின் பெயரை மட்டும் தலைப்பாக வைத்துத் தொடங்கினால், அவருடைய ஐம்பது ஆண்டு உழைப்பைச் சில பக்கங்களில் அடைக்க வேண்டியதாகிவிடும். ஒரு காலகட்டத்தையோ ஒரு தொடரையோ எடுத்துக்கொண்டு, அதிலிருந்து மூன்று முதல் ஆறு படங்கள் வரை தேர்ந்தெடுப்பது புதியவர்களுக்குப் போதுமானது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே பொருந்தாது. ஒரு படத்தில் தற்செயலாக நேர்ந்தது எது, அந்தக் கலைஞரின் வழக்கம் எது என்று பிரித்தறிய, அதன் அருகில் வைத்துப் பார்க்க வேறு படங்கள் தேவைப்படுகின்றன.

இயன்றவரை, நீங்கள் நேரில் சென்று நிற்கக்கூடிய இடத்தோடு தொடர்புள்ள படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். இதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. பாரிஸ் நகரத் தெரு ஒன்றின் படத்தைப் பற்றி எழுதும்போது, கலைஞர் எங்கே நின்றார், எதைச் சட்டகத்துக்கு, அதாவது படத்தின் நான்கு ஓரங்களுக்கு, வெளியே விட்டார் என்பதைச் சரிபார்க்க உங்களுக்கு வழியில்லை. வேலூர்க் கோட்டையின் பழைய படம் ஒன்றைப் பற்றி எழுதும்போதோ, நகரப் பேருந்தில் ஏறிச் சென்று அதைச் சரிபார்த்துவிடலாம். நம் வட்டாரத்தில் அப்படிப்பட்ட படங்களுக்குப் பஞ்சமில்லை. பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் இருந்தார். ரமண மகரிஷியின் இறுதி நாட்களையும், ஏப்ரல் 14 அன்று அவர் மறைந்தபின் நடந்தவற்றையும் படமெடுத்தார். அப்போது திருவண்ணாமலை வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. 1989இல்தான் தனி மாவட்டமாயிற்று. அதே ஊரில் வாழ்ந்து பணியாற்றிய ஒளிப்படக் கலைஞர் அபுல் கலாம் ஆசாத்தின் முன்முயற்சியில், 2014-15இல் பல கலைஞர்கள் சேர்ந்து திருவண்ணாமலையின் வாழ்க்கையைப் படமாக்கினார்கள். வேலூர்க் கோட்டையையும் அதனுள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலையும் 19ஆம் நூற்றாண்டில் எடுத்த படங்கள், பிரிட்டிஷ் நூலகம் போன்ற சேகரிப்புகளில் உள்ளன.

நிகழ்காலத்தைப் பற்றி எழுத விரும்புபவர்கள் மு. பழனி குமாரின் படங்களைப் பார்க்கலாம். தூய்மைப் பணியாளர்களையும், கடற்பாசி எடுக்கும் பெண்களையும் நெடுங்காலம் பின்தொடர்ந்து அவர் உருவாக்கிய படக் கட்டுரைகள், கிராமப்புற இந்தியாவின் வாழ்க்கையைப் பதிவு செய்வதற்காகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014இல் தொடங்கிய பாரி (PARI) என்ற இணைய ஆவணக் களஞ்சியத்தில் வந்துள்ளன. அங்கே தமிழிலேயே படிக்கலாம் என்பது, ஆங்கிலக் கட்டுரைகளோடு மல்லுக்கட்டும் மாணவர்களுக்குப் பெரிய உதவி.

இரண்டாம் படி: படத்தின் நல்ல படி ஒன்றைக் கண்டுபிடிப்பது

இணையத்தில் தேடியதும் முதலில் வரும் படத்தை அப்படியே பதிவிறக்கி எழுதத் தொடங்குவதால் பல பிழைகள் நேர்கின்றன. சுற்றிச் சுற்றிப் பகிரப்பட்ட படம் ஓரங்களில் வெட்டுப்பட்டிருக்கலாம், இடவலம் மாறியிருக்கலாம், கறுப்பு வெள்ளைப் படத்துக்கு யாரோ வண்ணம் ஏற்றியிருக்கலாம். கார்த்தியே-பிரெஸ்ஸோன் எடுத்த சட்டகத்தைப் பின்னர் வெட்டுவதை விரும்பாதவர். அவருடைய படத்தின் வெட்டுப்பட்ட படியை வைத்துக்கொண்டு அவருடைய சட்டக அமைப்பைப் பற்றி ஒரு பக்கம் எழுதினால், அந்தப் பக்கம் முழுவதும் வேறு யாரோ செய்த வேலையைப் பற்றியதாகிவிடும்.

ஆகவே படத்தை வைத்திருக்கும் நிறுவனத்தின் தளத்துக்கே செல்லுங்கள். ஒளிப்படக் கலைஞர்களின் கூட்டு நிறுவனமான மேக்னம், அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகம், நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம், லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம், டெல்லியின் அல்காசி அறக்கட்டளை ஆகியவை தம் சேகரிப்பில் உள்ள பல படங்களை விவரங்களோடு வெளியிட்டிருக்கின்றன. படத்தைக் கொடுத்து அதன் பிற படிகளைத் தேடும் வசதியைப் பயன்படுத்தி, இரண்டு மூன்று படிகளை அருகருகே வைத்து ஓரங்களை ஒப்பிட்டுப் பாருங்கள். கைப்பேசித் திரையில் பார்த்து எழுத வேண்டாம். கல்லூரிக் கணினியில் முழுத்திரையில் பாருங்கள், அல்லது நல்ல தாளில் அச்செடுத்து மேசைமேல் வையுங்கள்.

ஒளிப்பட நூல்கள் விலை மிகுந்தவை என்பதால் வாங்கச் சொல்ல மனம் வரவில்லை. கல்லூரி நூலகத்திலும் மாவட்ட மைய நூலகத்திலும் கிடைக்காதவற்றுக்குக் காட்பாடியில் ரயிலேறிச் சென்னைக்குப் போய் வரலாம். எழும்பூரில் இருக்கும் கன்னிமாரா நூலகம், இந்தியாவில் வெளியாகும் நூல்களின் படிகள் வந்து சேர வேண்டிய நூலகங்களில் ஒன்று. தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய தமிழ் இதழ்கள் உள்ளன. போகும் முன்பு எதைத் தேடுகிறோம் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

பழைய படங்களில் இன்னொரு எச்சரிக்கை தேவை. மதராஸ் அரசுக்காக 1850களின் இறுதியில் நம் நாட்டுக் கோயில்களைப் படமெடுத்த லினேயஸ் டிரைப், காகித நெகட்டிவில் வானம் வெறுமையாக வந்தபோது, மேகங்களை நெகட்டிவின் மீதே தீட்டியிருக்கிறார். தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளை அவர் 1858இல் எடுத்த நீண்ட படம், 21 அச்சுகளை ஒட்டிச் சேர்த்தது. படம் எந்தப் பொருளின் மீது, எந்த முறையில் உருவானது என்று அருங்காட்சியகத்தின் விவரக் குறிப்பில் ஒரு வரி இருக்கும். அந்த வரியைப் படிக்காமல் வானத்தைப் பற்றி எழுதக் கூடாது.

மூன்றாம் படி: படிக்கும் முன் பார்ப்பது

இந்தப் படியைத்தான் மாணவர்கள் பெரும்பாலும் தாண்டிச் செல்கிறார்கள். கலைஞரைப் பற்றி எதையும் படிக்காமல், ஒரு படத்தை மட்டும் எதிரே வைத்துக்கொண்டு, அரை மணி நேரம் பார்த்து, கண்ணில் படுவதை எல்லாம் நோட்டில் எழுதுங்கள். முதல் ஐந்து நிமிடத்திலேயே எழுத எதுவும் இல்லாததுபோல் தோன்றும். அதற்குப் பிறகு கண்ணில் படுபவைதாம் கட்டுரைக்கு உதவும். "சோகமான பெண்" என்று எழுதாதீர்கள். சோகம் என்பது உங்கள் முடிவு. நெற்றியில் மடிப்புகள் இருக்கின்றனவா, கண்கள் எங்கே பார்க்கின்றன, கை எங்கே இருக்கிறது என்று எழுதுங்கள்.

அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் டோரத்தியா லாங்கே 1936இல் கலிபோர்னியாவின் நிபோமோவில் எடுத்த, புலம்பெயர்ந்த தாய் என்று உலகம் அறிந்த படத்தைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளலாம். காங்கிரஸ் நூலகத்தின் தளத்தில் அது எவரும் இலவசமாக இறக்கிக்கொள்ளும் வகையில் இருக்கிறது. நடுவில் ஒரு பெண். அவர் விரல்கள் முகத்தைத் தொடுகின்றன. பார்வை கேமராவின் மீது இல்லை. இரு பக்கமும் சாய்ந்திருக்கும் இரு குழந்தைகள் தங்கள் முகங்களை நமக்குக் காட்டவில்லை. மடியில் துணி சுற்றிய ஒரு கைக்குழந்தை. பின்னால் வெறும் கூடாரத் துணி. அந்த இடம் எப்படிப்பட்டது என்று காட்டும் எதுவும் இல்லை. இவ்வளவும் கண்ணால் காண்பவை. குழந்தைகளின் முகம் மறைந்திருப்பதால் நம் பார்வை தாயின் முகத்துக்கே திரும்பத் திரும்ப வருகிறது என்பது, இவற்றிலிருந்து நீங்கள் எடுக்கும் முடிவு. இந்த வரிசையில் எழுதினால், உங்கள் முடிவை ஏற்காதவர்கூட அது எங்கிருந்து வந்தது என்பதைக் காண முடியும்.

பார்ப்பதற்கு ஒரு கைப்பிடி வேண்டுமென்றால், நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் ஒளிப்படப் பிரிவை 1962 முதல் நடத்திய ஜான் சார்க்கோவ்ஸ்கி வகுத்த ஐந்து தலைப்புகள் உதவும்: படத்தில் உள்ள பொருள், அதன் நுணுக்க விவரம், சட்டகம், காலம், நோக்குநிலை. ஐந்திலும் மாணவர்கள் கவனிக்கத் தவறுவது சட்டகத்தின் ஓரங்களையே. எது பாதியில் வெட்டுப்பட்டிருக்கிறது, எதைச் சேர்க்கக் கலைஞர் ஓரடி பின்னால் போயிருக்க வேண்டும், எதைத் தவிர்க்க ஓரடி முன்னால் வந்திருக்க வேண்டும் என்று ஓரங்களில் தொடங்கி உள்ளே வாருங்கள்.

நான்காம் படி: ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு ஆராய்வது

பார்த்து முடித்தபின் உங்கள் நோட்டில் சில புதிர்கள் மிஞ்சியிருக்கும். அவற்றில் ஒன்றுதான் கட்டுரையின் அச்சாக வேண்டும். ஓர் உள்ளூர் உதாரணத்தை விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் ஆராய்ச்சி என்பது எப்படி நடக்கும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் படங்கள் நம் அருகில் இல்லை.

ஜலகண்டேஸ்வரர் கோயிலின் வெளிப்பிராகாரத்தில் இருக்கும் கல்யாண மண்டபத்தின் 19ஆம் நூற்றாண்டுப் படம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பாயும் குதிரைகளும் யாளிகளும் செதுக்கிய தூண்கள் தெளிவாகத் தெரிகின்றன. ஆனால் பூசையோ, பூமாலையோ, வழிபட வந்தவர்களோ இல்லை என்று வைத்துக்கொள்வோம். மண்டபம் ஏன் வெறிச்சோடி இருக்கிறது? இந்தக் கேள்விக்குக் குறைந்தது மூன்று விடைகள் சாத்தியம்.

ஒன்று, தொழில்நுட்பம். அக்காலத்து ஈரக் கொல்லோடியன் முறையில், கண்ணாடித் தகட்டில் இரசாயனத்தைப் பூசி, அது காய்வதற்குள் படமெடுத்து, காய்வதற்குள்ளேயே உருத்துலக்கியாக, அதாவது பதிந்த உருவத்தை இரசாயனத்தால் வெளிக்கொணர்ந்தாக, வேண்டும். வேலூர் வெயிலில் அந்த அவகாசம் இன்னும் சுருங்கும். மண்டபத்தின் நிழலில் ஒளி பதிவாகப் பல விநாடிகள் தேவைப்பட்டிருக்கும். அத்தனை நேரத்தில் நடமாடியவர்கள் மங்கலாகவோ, முற்றிலும் தடமின்றியோ போயிருப்பார்கள். இரண்டாவது, நோக்கம். காலனி அரசும் தொல்லியலாளர்களும் கட்டடக் கலையைப் பதிவு செய்வதற்காகப் பல படங்களை எடுக்கச் செய்தார்கள். அத்தகைய படங்களில் ஆட்களை விலக்குவதும், தூணின் உயரத்தைக் காட்டுவதற்காக ஒருவரை மட்டும் அசையாமல் நிறுத்துவதும் வழக்கம். மூன்றாவது, வரலாறு. கோட்டைக்குள் இருந்த இந்தக் கோயிலில் நெடுங்காலம் வழிபாடு நடக்கவில்லை. ஆயுதக் கிடங்காகவும் அது பயன்பட்டது. 1981இல்தான் இலிங்கம் மீண்டும் உள்ளே வந்து வழிபாடு தொடங்கியது. அதாவது, படமெடுத்தவர் யாரையும் விலக்கத் தேவையே இல்லாத வெறுமை அங்கே முன்பே இருந்திருக்கலாம்.

இந்த மூன்றில் எது என்று எப்படி முடிவு செய்வது? மறுபடியும் படத்துக்கே செல்ல வேண்டும். தரையருகே புகைபோன்ற மங்கல் கோடுகள் இருந்தால் முதல் விடைக்கு வலு சேரும். தூணின் அடியில் ஒருவர் விறைப்பாக நிறுத்தப்பட்டிருந்தால் இரண்டாவதற்கு. தரையில் புல் முளைத்திருந்தாலோ, தூண்களுக்கிடையே சாமான்கள் கிடந்தாலோ மூன்றாவதற்கு. மூன்றும் சேர்ந்தும் உண்மையாக இருக்கலாம். அப்போது எது எவ்வளவு என்று வாதிடுவதுதான் உங்கள் கட்டுரை. "கலைஞர் தனிமையை அழகாகக் காட்டியுள்ளார்" என்று எழுதியிருந்தால், இவை எவையும் உங்கள் கண்ணில் பட்டிருக்காது.

பிறகு படத்தின் அச்சுப்படியை எடுத்துக்கொண்டு கோட்டைக்குப் போங்கள். அதே தூண்கள் அதே வரிசையில் தெரியும்வரை முன்னும் பின்னும் நகர்ந்தால், கேமரா ஏறக்குறைய எங்கே நின்றது என்று தெரிந்துவிடும். நிழல்கள் விழும் திசையைப் படத்தோடு ஒப்பிட்டால் காலையா மாலையா என்று ஊகிக்கலாம். அந்த இடத்திலிருந்து தலையைத் திருப்பிப் பார்த்து, சட்டகத்துக்கு வெளியே விடப்பட்டவை எவை என்றும் குறித்துக்கொள்ளுங்கள். இது இப்போது வழிபாடு நடக்கும் கோயில் என்பதால், கேமராவை எடுக்கும் முன் அங்குள்ளவர்களிடம் அனுமதி கேளுங்கள். ஒப்பீட்டுக்கு நோட்டும் பென்சிலுமே போதும்.

ஐந்தாம் படி: வாழ்க்கை வரலாற்றில் எதைச் சேர்ப்பது

கலைஞரின் வாழ்க்கையிலிருந்து படத்தோடு தொடர்புள்ளதை மட்டும் சேருங்கள். மற்றவை எவ்வளவு சுவையாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். கார்த்தியே-பிரெஸ்ஸோன் 1908இல் பிறந்தார் என்பதால் திருவண்ணாமலைப் படங்களைப் பற்றி எதுவும் விளங்குவதில்லை. 1947இல் மேக்னம் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் அவர் ஒருவர், 1948 ஜனவரி 30 அன்று காந்தி கொல்லப்படுவதற்குச் சற்று முன்பு அவரைச் சந்தித்தவர், அதன்பின் நடந்த இறுதிச் சடங்குகளைப் படமெடுத்தவர் என்பவை விளக்குகின்றன. ஒரு பெரியவரின் மரணத்தைச் சுற்றிக் கூடும் இந்தியக் கூட்டத்தை அவர் முதன்முதலாகத் திருவண்ணாமலையில் பார்க்கவில்லை. டெல்லிப் படங்களையும் திருவண்ணாமலைப் படங்களையும் அருகருகே வைத்து, அவர் எங்கே நெருங்குகிறார், எங்கே விலகி நிற்கிறார் என்று பார்ப்பது நல்ல ஆய்வாகும். சிறிய லைகா கேமராவையும், பெரும்பாலும் 50 மில்லிமீட்டர் லென்ஸையும் அவர் பயன்படுத்தினார் என்பதும் இங்கே வேண்டிய செய்தியே, ஏனெனில் நெருக்கமாகத் தெரிய வேண்டுமானால் அவரே அருகில் சென்றிருக்க வேண்டும்.

அதே ரமண மகரிஷியைப் பெங்களூரைச் சேர்ந்த ஜி. ஜி. வெல்லிங் 1946இல் எடுத்த முகப்படம், இன்றும் நம் ஊர் வீடுகளின் பூசை அலமாரிகளில் காணக் கிடைக்கிறது. பக்தர்கள் எதிரே அமர்ந்து பார்ப்பதற்கான படம் ஒன்று; உலகப் பத்திரிகைகளுக்குச் செய்தி சொல்லும் கலைஞரின் படங்கள் மற்றவை. எது சிறந்தது என்று கேட்பதில் பயனில்லை. பயன்பாடு மாறும்போது ஒளி, தொலைவு, பார்வையின் திசை ஆகியவை எப்படி மாறுகின்றன என்று கேட்டால் பக்கம் பக்கமாக எழுதலாம்.

படித்த செய்திகள் ஒன்றோடொன்று முரண்பட்டால், ஒன்றை மறைத்து மற்றொன்றை எழுதாதீர்கள். லாங்கேயின் படத்தில் இருக்கும் குடும்பம் உணவு வாங்குவதற்காகக் காரின் டயர்களை விற்றுவிட்டது என்று லாங்கே எழுதினார். அந்தக் குடும்பத்தினர் பின்னாளில் அதை மறுத்தார்கள். அந்தத் தாயின் பெயரை லாங்கே கேட்கவில்லை. புளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்ற அந்தப் பெயர் 1978இல்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது. இரு தரப்பையும் எழுதி, யார் எப்போது சொன்னது என்று குறித்துவிட்டால், அந்த முரணே உங்கள் கட்டுரையின் வலுவான பத்தியாகிவிடும்.

ஆறாம் படி: படமெடுக்கப்பட்டவர்களைப் பற்றிக் கேட்பது

மதராஸ் மாகாணத்தில் 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சத்தை, மதராஸ் இராணுவ அதிகாரியான வில்லோபி வாலஸ் ஹூப்பர் படமெடுத்தார். வட ஆற்காடும் அந்தப் பஞ்சத்தில் வாடியது. எலும்பும் தோலுமான மனிதர்கள், கேமராவின் முன் குழுவாக அமர்த்தப்பட்டிருக்கிறார்கள். இந்தப் படங்களைப் பற்றி எழுதும்போது, சட்டக அமைப்பையும் ஒளியையும் மட்டும் பேசிவிட்டு நகர்வது சரியன்று என்பது என் உறுதியான கருத்து. அவர்களை அப்படி அமர்த்தியது யார், அவர்களுக்கு மறுக்கும் வாய்ப்பு இருந்ததா, தலைப்புரையில் அவர்கள் பெயர் இருக்கிறதா, இந்தப் படங்களை யார் வாங்கி ஆல்பங்களில் ஒட்டி வைத்தார்கள் என்று கேளுங்கள். கேமரா இல்லாதிருந்தால் அந்த மனிதர்கள் அந்த நிலையில் அமர்ந்திருக்க மாட்டார்கள் என்பதைப் படமே காட்டுகிறது.

பிறகு இதே கேள்விகளைப் பழனி குமாரின் படங்களின் முன் வைத்துப் பாருங்கள். அங்கே பெயர்கள் இருக்கின்றன, அவர்கள் சொன்ன சொற்கள் இருக்கின்றன, கலைஞர் அவர்களோடு கழித்த காலம் தெரிகிறது. நாளைக்கு நீங்களே இராணிப்பேட்டையிலோ ஆம்பூரிலோ தோல் பதனிடும் தொழிலாளர்களைப் படமெடுக்கப் போகும்போது, எந்த வழியில் நிற்க வேண்டும் என்பதை இந்த ஒப்பீடு உங்களுக்குக் கற்றுத்தரும்.

ஏழாம் படி: ஒப்பிடுவது

ஒப்பீட்டுக்கு மிகவும் ஏற்றது, ஒரே பொருளை இருவர் எடுத்த படங்கள். 1984 டிசம்பரில் போபால் நச்சுவாயுவால் இறந்த ஒரு குழந்தை புதைக்கப்பட்டபோது, ரகு ராயும் பாப்லோ பார்த்தலோமியூவும் அந்த முகத்தைப் படமெடுத்தார்கள். ரகு ராயின் படம் கறுப்பு வெள்ளை. பார்த்தலோமியூவின் படம் வண்ணம், அவ்வாண்டின் உலகப் பத்திரிகைப் படமாகத் தேர்வானது. ரகு ராயின் படத்தில் குழந்தையின் நெற்றிமேல் ஒரு கை இருக்கிறது. அந்தக் கையை மறைத்துக்கொண்டு ஒரு முறை பாருங்கள், படம் என்ன ஆகிறது என்று தெரியும். மற்றப் படத்தில் என்னென்ன இருக்கின்றன என்பதை நீங்களே பார்த்து எழுத வேண்டும். முதலில் ஒருவரைப் பற்றி இரண்டு பக்கம், பிறகு மற்றவரைப் பற்றி இரண்டு பக்கம் என்று எழுதினால் ஒப்பீடு நிகழாது. வண்ணம் என்றால் இருவரையும் ஒரே பத்தியில், தொலைவு என்றால் இருவரையும் ஒரே பத்தியில் வைத்து எழுதுங்கள்.

எட்டாம் படி: எழுதுவதும் திருத்துவதும்

முதல் பத்தியிலேயே உங்கள் கேள்வியை வையுங்கள். கலைஞரின் பிறப்பில் தொடங்க வேண்டாம். ஒவ்வொரு பத்தியிலும் ஒரு கருத்து, அதற்குப் படத்திலிருந்து சான்று, அந்தச் சான்று ஏன் அந்தக் கருத்தைத் தாங்குகிறது என்ற விளக்கம் ஆகிய மூன்றும் இருக்கட்டும். உதாரணமாக, "கலைஞர் ஒளியைச் சிறப்பாகக் கையாண்டுள்ளார்" என்ற வாக்கியம் எந்தப் படத்துக்கும் பொருந்தும். எந்தப் படத்துக்கும் பொருந்தும் வாக்கியத்தை நீக்கிவிடலாம். "சன்னலிலிருந்து வரும் ஒளி முகத்தின் ஒரு பாதியில் மட்டும் விழுவதால், இருளில் இருக்கும் கை நம் கண்ணுக்குத் தாமதமாகவே தெரிகிறது, அந்தக் கையில்தான் கடிதம் இருக்கிறது" என்று எழுதினால், அது ஒரு படத்துக்கு மட்டுமே உரிய வாக்கியம்.

ஐயமுள்ள இடத்தில் ஐயத்தோடு எழுதத் தமிழில் நல்ல வழிகள் உண்டு. "என்று கருத இடமிருக்கிறது", "எனத் தோன்றுகிறது", "படத்தைக் கொண்டு மட்டும் இதை முடிவு செய்ய இயலாது" ஆகியவற்றைத் தேவையான இடத்தில் தயங்காமல் பயன்படுத்துங்கள். பிறர் கருத்தை எடுத்தாளும்போது அவர் பெயரை அந்த வாக்கியத்திலேயே சொல்லுங்கள். ஆங்கிலத்திலிருந்து நீங்களே மொழிபெயர்த்திருந்தால் அதையும் சொல்லுங்கள். கணினி தரும் மொழிபெயர்ப்பை மூலத்தோடு ஒப்பிடாமல் ஒட்டாதீர்கள். பெயர்களும் ஆண்டுகளும் அங்கேதான் அதிகம் புரள்கின்றன. அயல்நாட்டுப் பெயரைத் தமிழில் எப்படி எழுதினாலும், கட்டுரை முழுவதும் ஒரே மாதிரி எழுதுங்கள்.

முதல் வரைவு முடிந்ததும் மூன்று வண்ணப் பென்சில்களை எடுத்துக்கொண்டு, கண்டவற்றை ஒரு நிறத்திலும், அறிந்தவற்றை ஒரு நிறத்திலும், கருதியவற்றை ஒரு நிறத்திலும் அடிக்கோடிடுங்கள். ஒரு பக்கம் முழுவதும் அறிந்தவையாகவே இருந்தால் மூன்றாம் படிக்குத் திரும்ப வேண்டும். முழுவதும் கருதியவையாக இருந்தால் சான்றுகளைத் தேட வேண்டும். எந்த நிறத்திலும் சேராத வாக்கியங்கள் சில கிடைக்கும். அவை பெரும்பாலும் புகழுரைகள், நீக்கிவிடுங்கள்.

கடைசியாகப் படங்களின் தலைப்புரைகளைச் சரிபாருங்கள். கலைஞர் பெயர், படத்தின் தலைப்பு இருந்தால் அது, எடுத்த இடம், ஆண்டு, உருவான முறை, இப்போது வைத்திருக்கும் நிறுவனம் என்ற வரிசையில் ஒவ்வொரு படத்தின் கீழும் எழுதுங்கள். ஆண்டு உறுதியாகத் தெரியாத பழைய படத்துக்கு அருங்காட்சியகம் தரும் காலவரையறையையே எழுதுங்கள், நீங்களாக ஓர் ஆண்டைக் குறிக்க வேண்டாம். வகுப்புக் கட்டுரையில் படத்தைச் சேர்ப்பது வேறு, இதழிலோ கண்காட்சியிலோ வெளியிடுவது வேறு. வெளியிடுவதாக இருந்தால் உரிமை வைத்திருப்பவரிடம் எழுத்தில் அனுமதி பெற வேண்டும். பார்க்கும்போது எழுதிய நோட்டைக் கட்டுரையோடு சேர்த்துப் பத்திரமாக வைத்திருங்கள். வாய்மொழித் தேர்வில் "இந்த முடிவுக்கு எப்படி வந்தீர்கள்" என்று கேட்கும்போது, அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டி அங்கிருந்தே விடை சொல்லலாம்.